மெழுகும் வண்ணமும்

மார்கழி மாதத்தின் கடைசி நாள். கொங்கு நாட்டு வீடுகளில் அது காப்புக் கட்டும் நாள். மஞ்சள் நிற ஆவாரம்பூ, வெண்ணிறப் பூளைப்பூ, பச்சை வேப்பிலை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி வாசல் நிலையிலும் கூரை முகப்பிலும் செருகுவார்கள். பிள்ளைகளுக்குப் பொங்கல் விடுமுறை. வீட்டு அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பழைய தகர டப்பா கிடைக்கிறது. உள்ளே ஒடிந்துபோன கிரேயான் துண்டுகள். பிடித்து எழுத முடியாத அளவுக்குக் குட்டையானவை.

அவற்றைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்! அத்துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, உருக்கி, தடித்த அட்டையின்மீது சொட்டவிட்டால் பச்சை வழிந்து தண்டாகும். அதன்மேல் விழும் மஞ்சள் துளிகள் ஆவாரம் பூக்களாகும். வெள்ளைத் துளிகள் பூளையாகும். அம்மா மெழுகைச் சாய்த்து ஊற்ற, அப்பா அட்டையைத் திருப்ப, எங்கே நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் சொல்ல, ஒரு படம் உருவாகிவிடும். தையில் ஆவாரை, கார்த்திகையில் செங்காந்தள், ஆடியில் புதுவெள்ளம் என்று பருவத்துக்கு ஒரு படமாகச் சேர்த்து வைக்கும் குடும்பங்களும் உண்டு.

கிரேயானை உருக்கிப் படம் செய்வது அண்மைக்காலப் பொழுதுபோக்குதான். ஆனால் உருகிய மெழுகால் படம் தீட்டும் கலைக்கு ஏறத்தாழ 2000 ஆண்டு வயது. மெழுகால் சிலை வார்க்கும் கலை அதைவிடவும் பழமையானது. மலைப்பாறையின் தேனடையிலிருந்து உங்கள் வீட்டுத் தகர டப்பாவுக்கு மெழுகு எவ்வாறு வந்து சேர்ந்தது? அந்தக் கதையைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

அடுப்பங்கரை எல்லைக்குள்

முதலில் ஒரு கேள்வி. உருகக்கூடிய பொருள்கள் உலகில் எத்தனையோ இருக்க, மெழுகுக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு?

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் அது தானாகவே இளகிவிடும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 25° செல்சியஸ். அதைக் கொண்டு ஓர் உருவம் செய்தால் நண்பகல்வரைகூட நிற்காது. மறு கோடியில் செம்பு இருக்கிறது. அது உருக 1085° செல்சியஸ் வேண்டும். உலையும் துருத்தியும் இல்லாமல் அதை நெருங்க முடியாது.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 65° செல்சியசில் உருகும். கிரேயான்களில் சேரும் பாரபின் மெழுகு, வகைக்கு ஏற்ப 46 முதல் 68° செல்சியசுக்குள் உருகும். கோவையின் கோடை வெயில் நிழலில் 40° செல்சியசை எட்டினாலும் மெழுகு உருவம் குலையாது. ஆனால் கொதிக்கும் நீரின் 100° செல்சியசுக்கு மெழுகு நிற்காது. அதாவது, வெயில் உருக்காது, வெந்நீர் உருக்கிவிடும். உலைக்களம் இல்லாத ஒரு சாதாரண வீட்டின் அடுப்பே போதும்.

இன்னொரு பண்பும் உண்டு. பனிக்கட்டியைப்போல மெழுகு ஒரே வெப்பநிலையில் சட்டென்று நீராவதில்லை. அது பலவகை மூலக்கூறுகளின் கலவை. ஆகவே முதலில் இளகும், பிறகு குழையும், அதன்பின்னே ஓடும். குழையும் நிலையில் விரலால் உருவம் கொடுக்கலாம். ஓடும் நிலையில் ஊற்றலாம். குளிரும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே மெல்ல உறைகிறது. சொட்டிய துளியைத் திருத்த நமக்குச் சில விநாடிகள் கிடைப்பது இதனால்தான்.

உருகுநிலை கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது மெழுகின் வரலாறு முழுவதற்கும் திறவுகோல். இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இதை நீங்கள் காண்பீர்கள்.

தேனீ தந்த மெழுகு

மனிதன் முதலில் அறிந்த மெழுகுகளில் தலையாயது தேனீயினுடையது. இளம் வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்தில் நான்கு இணைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து மெழுகு மெல்லிய செதில்களாக வெளிவருகிறது. தேனீ அதைக் காலால் எடுத்து, வாயில் மென்று, அறுகோண அறைகளாகக் கட்டுகிறது. புழுக்கள் வளரும் பகுதியைத் தேனீக்கள் 35° செல்சியஸ் அளவில் காத்து வருகின்றன. அந்தச் சூட்டில் மெழுகு உருகாது. ஆனால் வளைக்கும் அளவுக்கு இளகியிருக்கும். உருகுநிலையின் பயனை மனிதனுக்கு முன்பே தேனீ கண்டுவிட்டது எனலாம்.

கோவைக்கு வடக்கே எழும் நீலகிரி, சத்தியமங்கலம் மலைகளின் செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளைக் கட்டுகின்றன. குறும்பர், இருளர் முதலிய பழங்குடி மக்கள் காட்டுக் கொடிகளால் ஏணி திரித்து, பாறை உச்சியிலிருந்து இறங்கித் தேன் எடுப்பார்கள். கீழே பள்ளத்தாக்கு, சுற்றிலும் தேனீக்கள். இறங்குபவரின் உயிர் மேலே கயிற்றைக் காப்பவரின் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் மனைவியின் உடன்பிறந்தானை, அதாவது மைத்துனனை நிறுத்துவது வழக்கம் என்பார்கள். தன் தங்கை தாலியை இழக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? மெழுகின் கதையில் குடும்பம் முதலில் வருமிடம் இதுவே.

தேனைப் பிழிந்தபின் அடையை வெந்நீரில் இட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். நீரைவிட அதன் அடர்த்தி குறைவு. ஆறியதும் தட்டாக எடுத்துவிடலாம். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை 1990-களிலிருந்து இம்மலைவாழ் மக்களோடு இணைந்து தேனையும் தேன்மெழுகையும் சந்தைக்குக் கொண்டுவரும் பணியைச் செய்து வருகிறது.

ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். மெழுகுக்குத் தேனீயே பெரும் துணையாக இருந்தவரை அது எளிதில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை.

எகிப்திய முகங்கள்

கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் எகிப்து ரோமானியரின் ஆட்சியில் இருந்தது. பாயூம் என்ற வட்டாரத்தில் இறந்தவரைப் பதப்படுத்திப் புதைக்கும்போது, அவருடைய முகத்தை மெல்லிய மரப்பலகையில் தீட்டி மேலே பொருத்தினார்கள். இவற்றுள் பல, தேன்மெழுகில் நிறமிகளைக் கலந்து சூடாக இருக்கும்போதே தீட்டப்பட்டவை. 1888-ல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேய அகழ்வாய்வாளர் ஹவாரா என்னுமிடத்தில் இத்தகைய படங்கள் பலவற்றைத் தோண்டி எடுத்தார். கண்ணின் ஈரப் பளபளப்பும் கன்னத்தின் சிவப்பும் நேற்றுத் தீட்டியவைபோல் இருந்தன.

இம்முறைக்குக் கிரேக்கர் இட்ட பெயருக்குச் ‘சுட்டுப் பதித்தல்’ என்று பொருள். மெழுகு நீரை அண்டவிடாது. நிறமியைத் தன்னுள் பொதிந்து காற்றிலிருந்தும் காக்கும். கல்லறையின் இருளில் 60° செல்சியஸ் வெப்பம் ஒருநாளும் எட்டவில்லை. அதனால் அந்த முகங்கள் நமக்கு மிஞ்சின.

இந்த மெழுகு ஓவியக் கலையைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் கி.பி. 79-ல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி. இதே பிளினி தம் நூலில் இந்தியாவின் பச்சைக்கல்லையும் புகழ்ந்திருக்கிறார். அக்கல் கிடைத்த இடங்களுள் ஒன்று காங்கேயத்தை அடுத்த படியூர். அக்கற்களை மணிகளாகத் தீட்டிய பட்டறைகள் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாய்வுகளில் வெளிப்பட்டன. அதே ஆற்றின் கரையில் கோவையை ஒட்டியுள்ள வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்துள்ளன. எகிப்தில் மெழுகு முகங்கள் தீட்டப்பட்ட அதே காலத்தில், எகிப்தின் துறைமுகங்கள் வழியாகக் கொங்கு நாட்டுக் கற்கள் ரோமுக்குச் சென்றுகொண்டிருந்தன.

மறைந்து உருவம் தரும் மெழுகு

எகிப்தில் மெழுகு படமாகத் தங்கியது. நம் நாட்டில் அது மறைந்துபோவதாலேயே புகழ் பெற்றது.

மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண்ணின் வெண்கலச் சிலை சுமார் 10 செ.மீ. உயரமே உடையது, ஏறத்தாழ 4500 ஆண்டுப் பழமையானது. அது மெழுகு முறையில் வார்க்கப்பட்டது. சோழர் காலத்து நடராசர் திருமேனிகளும் இம்முறையில் பிறந்தவையே. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகளின் குடும்பங்கள் இன்றும் இதைச் செய்து வருகின்றன.

தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். குங்கிலியம் மெழுகுக்கு உறுதி தரும். எண்ணெய் நெகிழ்ச்சி தரும். கோடையில் மெழுகு கூடுதலாக இளகும், பனிக்காலத்தில் விறைக்கும். எனவே பருவத்துக்கு ஏற்பக் கலவையைச் சரிசெய்ய வேண்டும். குழைந்த மெழுகில் உடல், கை, ஆயுதம் என்று தனித்தனியாக உருவாக்கி, சூடான இரும்பால் ஒட்டுவார்கள். பிறகு காவிரியின் மென்மையான வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, அதன்மேல் தடித்த மண் பூச்சுகள் கொடுப்பார்கள். சாண எருவாட்டித் தீயில் அச்சைச் சுட்டால் மெழுகு உருகித் துளைவழியே ஓடிவிடும். உள்ளே மிஞ்சுவது வெற்றிடம்; ஆனால் விரல் நகம்வரை சிலையின் வடிவம் கொண்ட வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான்.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்த்துக் கணக்கிடுவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் காலத்தில் தோன்றிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூல் மெழுகு வார்ப்பு முறையை விவரிக்கிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தேன்மெழுகின் அடர்த்தி கனசெண்டிமீட்டருக்கு 0.96 கிராம்; வெண்கலத்தின் அடர்த்தி 8.8 கிராம். பருமன் ஒன்றே. ஆகவே ஒரு கிலோ மெழுகுக்கு ஏறத்தாழ 9 கிலோ வெண்கலம் தேவை.

இது கோயில் கலையோடு நின்றுவிடவில்லை. 1907-ல் சிகாகோ நகரப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட், தங்கப் பல் நிரப்பிகளை மெழுகு முறையில் வார்த்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது விமான எஞ்சின்களின் சுழலித் தகடுகளை இம்முறையில் செய்தார்கள். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையில் ஆலைகளும் பவுண்டரிகளும் பெருகிய வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கோவையில் இன்று மெழுகு வார்ப்பில் நுட்பமான எஃகுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளும் உள்ளன. மண்ணுக்குப் பதில் பீங்கான் பூச்சு; கையால் பிடிக்கும் மெழுகுக்குப் பதில் பொறியில் அழுத்திய மெழுகு. அடிப்படை சுவாமிமலையினுடையதே.

சோழமண்டலக் கரையில்

மெழுகு செய்த மூன்றாவது வேலை, நிறத்தைத் தடுப்பது.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளுக்கு ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. அவற்றைச் செய்யும் முறையைக் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-ல் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதி அனுப்பினார். அதில் மெழுகுக்கு முக்கிய இடம் உண்டு.

சிவப்பு நிறம் சாயவேரிலிருந்து கிடைக்கிறது. அதைத் துணியில் ஏற்றச் சாயநீரைக் கொதிக்க வைக்க வேண்டும். கொதிநீரில் மெழுகு உருகிவிடும் அல்லவா? எனவே சிவப்புக்கு மெழுகு உதவாது. படிகாரக் கரைசலால் கோலம் வரைந்து, அந்த இடத்தில் மட்டும் சிவப்பு பற்றும்படி செய்தார்கள். நீலத்தின் கதை வேறு. அவுரியிலிருந்து வரும் நீலச்சாயத் தொட்டி கொதிக்க வேண்டியதில்லை. ஆறிய நிலையிலேயே அது வேலை செய்யும். ஆகவே நீலம் வேண்டாத இடமெல்லாம் தேன்மெழுகைப் பூசித் துணியைத் தொட்டியில் முக்கினார்கள். வெளியே எடுத்ததும் காற்றுப்பட்டு நீலம் பிறக்கும். பின்னர் வெந்நீரில் அலசினால் மெழுகு போய்விடும். அதன் அடியில் இருந்த துணி நீலம் படாமல் நிற்கும். எந்த நிறத்துக்கு எந்த முறை என்பதை முடிவு செய்ததில் மெழுகின் உருகுநிலைக்கும் பங்கு உண்டு. வெப்பமானி இல்லாத காலத்தில் அந்தச் சாயக்காரர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

ஜாவாவில் இதே அடிப்படையில் வளர்ந்த கலை பாத்திக். 1920-களில் அது சாந்திநிகேதனுக்கு வந்து இந்தியாவில் பரவியது. அந்தப் பாத்திக் 1960-களில் சென்னையில் செய்த ஒரு காரியத்தைக் கொங்கு வாசகர்கள் பெருமையோடு நினைக்கலாம்.

கே. சி. எஸ். பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1957 முதல் 1967 வரை சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தம்மிடம் படித்துத் தேறும் இளைஞர்கள் படம் வரைந்து பிழைக்க முடியாமல், கலையையே கைவிட்டு வேறு வேலைக்குப் போவதை அவர் கண்டார். நல்ல ஓவியத்தை வாங்க ஆள் இல்லை. ஆனால் அழகிய துணியை வாங்க ஆள் உண்டு. எனவே அவரும் மாணவர்களும் நண்பர்களும் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பொழுதில் ஒரு பகுதியில் எல்லோரும் சேர்ந்து மெழுகு உருக்கிப் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்கள் செய்வது; எஞ்சிய பொழுதில் அவரவர் ஓவியத்தை அவரவர் விருப்பப்படி தீட்டுவது. விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-ல் அங்கே உருவானதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கலைஞர்கள் குடும்பத்தோடு குடியேறினார்கள். 1977-ல் மறையும்வரை பணிக்கர் அதன் தூணாக விளங்கினார். அக்கிராமம் இன்றும் இருக்கிறது.

பாத்திக் துணியில் ஓடும் மெல்லிய நரம்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? தேன்மெழுகு நெகிழும், பாரபின் நொறுங்கும். இரண்டையும் கலந்து பூசி, உறைந்தபின் துணியைக் கசக்கினால் மெழுகு விரிசல் விடும். சாயம் அவ்விரிசல்களில் நுழைந்து கோடாகிறது. பாரபின் கூடினால் கோடுகளும் கூடும்.

மெழுகு மலிந்தது

இதுவரை சொன்ன கலைகளெல்லாம் பயின்றவரின் கைவசம் இருந்தன. குழந்தையின் கைக்கு மெழுகு வர, அது மலிய வேண்டியிருந்தது. அதற்கு வேதியியல் வந்தது.

பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1823-ல் கொழுப்புகளைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டார். மாட்டுக் கொழுப்பிலிருந்து கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்து, புகையாத மெழுகுவர்த்தி செய்ய அவர் வழிகாட்டினார். அதே செவ்ரூல் பாரிசில் அரசுத் திரைச்சீலை நெசவுசாலையின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்து, அடுத்தடுத்து வைக்கப்படும் இரு நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839-ல் எழுதினார். மெழுகும் வண்ணமும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்துக்கொண்டன!

1830-ல் ஜெர்மானியர் ரைகன்பாக் மரத்தாரிலிருந்து வெண்ணிற மெழுகு ஒன்றைப் பிரித்தார். எதனோடும் எளிதில் வினைபுரியாத அதற்கு, ‘நாட்டம் குறைந்தது’ என்னும் பொருளில் லத்தீன் சொற்களால் பாரபின் என்று பெயரிட்டார். 1850-ல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் அதை நிலக்கரியிலிருந்து பெருமளவில் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பெட்ரோலியம் வந்ததும் மெழுகு ஆறாகப் பெருகியது. இந்தியாவில் 1901-ல் அசாமின் டிக்பாயில் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் மெழுகுக்குப் பேர்போனது. நிறமிகளிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. பொன்னுக்கு நிகராக விற்ற நீலக்கல் நிறத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியதற்காக, 1828-ல் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் பரிசு பெற்றார். அந்த நீலமே பிறகு வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடியாக வீடுகளுக்குள் வந்தது.

குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து உருகும் மெழுகைக் காட்டிய பேரறிஞர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே, லண்டனில் கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் நடக்கும் சிறுவர் சொற்பொழிவுகளில், 1848-லும் 1860-லும் ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாக எடுத்துக்கொண்டார். சுடரைச் சுற்றி மேலெழும் காற்று வர்த்தியின் ஓரத்தைக் குளிர்விப்பதால் நடுவில் ஒரு கிண்ணம் உண்டாகிறது. உருகிய மெழுகு அதில் தேங்குகிறது என்று காட்டினார். அவர் கையில் வைத்திருந்த வர்த்திகளுள் அயர்லாந்தின் சதுப்புநிலக் கரியிலிருந்து எடுத்த பாரபின் வர்த்தியும் ஒன்று. விடுமுறை, குழந்தைகள், உருகும் மெழுகு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின.

இறுதியாக, 1903-ல் அமெரிக்காவின் பின்னி அண்டு ஸ்மித் நிறுவனம் பாரபினில் நிறமிகளைக் கலந்து, அச்சில் ஊற்றி, கிரேயோலா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பெட்டிக்கு எட்டு நிறம். விலை ஐந்து சென்ட். பெயரைச் சூட்டியவர் நிறுவனரின் மனைவி ஆலிஸ் பின்னி. அவர் ஓர் ஆசிரியை. மெழுகுக் குச்சிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் நிறத்தைப் பள்ளிப்பிள்ளை வாங்கும் விலைக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பாறையிலிருந்து இறக்கிய பொருள், இப்போது ஒடிந்தால் குப்பைக்குப் போகிறது!

வீட்டில் உருக்கும்போது

இப்போது தகர டப்பாவுக்குத் திரும்புவோம். உருக்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மெழுகை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். பாரபினைச் சுமார் 200° செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் ஆவி தீப்பற்றக்கூடும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் சட்டென்று ஆவியாகி எரியும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கச் செய்யும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிட வேண்டும்.

இந்த ஆபத்து நெருங்காமலிருக்க ஓர் எளிய வழி உண்டு. கொங்குப் பக்கத்தில் போசி என்போமே, அப்படி ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வையுங்கள். அதனுள் சிறு கிண்ணத்தை வைத்து, அதில் கிரேயான் துண்டுகளைப் போடுங்கள். வெளியே நீர் இருக்கும்வரை கிண்ணம் 100° செல்சியசைத் தாண்டாது. மெழுகு உருக அது போதும். நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது பெரியவர் பொறுப்பு. அடுப்பருகே நிற்பதும் ஊற்றுவதும் பெரியவர். நிறம் தேர்வதும், அட்டையைச் சாய்க்கச் சொல்வதும், உறைந்தபின் தொட்டுப் பார்ப்பதும் பிள்ளைகள். உருகிய மெழுகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதை மறக்கக் கூடாது. பயன்படுத்திய கிண்ணத்தைச் சமையலுக்கு மீண்டும் எடுக்க வேண்டாம்.

படம் உறையும் நேரத்தில் சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம். உருகிய மெழுகில் ஒரு கெட்டித் துண்டைப் போடுங்கள்; மூழ்கும். பனிக்கட்டியோ நீரில் மிதக்கிறது. மெழுகு உறையும்போது சுருங்குகிறது என்பதற்கு இதுவே சான்று. கிண்ணத்தில் உறைந்த மெழுகின் நடுவில் குழி விழுவதும் இதனால்தான்.

ஒரே நீளமுள்ள செம்புக் கம்பி, இரும்புக் கம்பி இரண்டின்மீதும் மெழுகைப் பூசி, ஒரு முனையை வெந்நீரில் வையுங்கள். செம்பின்மீது மெழுகு கூடுதல் தூரம் உருகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்ஜென்ஹவுஸ் செய்து காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. உருகிய நீளத்தின் வர்க்கத்துக்கு வெப்பங் கடத்தும் திறன் நேர்விகிதத்தில் இருக்கும் என்று உங்கள் பாடநூலில் படிப்பீர்கள்.

இழையோட்டம் தெளிவாகத் தெரியும் மெல்லிய மரப்பலகையில் மெழுகைப் பூசி, சூடேற்றிய ஆணியின் முனையைப் பெரியவர் ஒருவர் நடுவில் ஊன்றட்டும். மெழுகு உருகும் எல்லை வட்டமாக இராது; இழையோட்டத்தின் திசையில் நீண்ட முட்டை வடிவமாக இருக்கும். மரம் இழைவாட்டில் வெப்பத்தை நன்கு கடத்துகிறது. குறுக்கே குறைவாகவே கடத்துகிறது. 1847-ல் பிரெஞ்சு அறிஞர் செனார்மோன் படிகங்களின்மீது மெழுகைப் பூசி இதே முறையில் ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தின் பாதையை மெழுகு அவருக்கு வரைந்து காட்டியது.

பாறையில் கயிறு பிடித்த மைத்துனனும், சுவாமிமலையில் தந்தைக்கு அருகில் அமர்ந்து மெழுகு பிசைந்த மகனும், ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஓவியத்துக்காகத் துணிக்கு மெழுகு பூசிய இளைஞர்களும் தனியே இந்த வேலையைச் செய்யவில்லை. மெழுகு விரைவில் உறைந்துவிடும். ஒருவர் உருக்க, இன்னொருவர் ஊற்ற, மற்றொருவர் திருப்ப வேண்டும். காப்புக் கட்டிய மாலையில் உங்கள் வீட்டிலும் அந்தத் தகர டப்பாவைத் திறந்து, எல்லோரும் சுற்றி உட்காருங்கள். முதல் மஞ்சள் துளி அட்டையில் விழுந்து உறையும் அந்தச் சில விநாடிகளில், அது ஏன் உடனே உறையவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.